ஓட்டிப் பார்க்காமல் கொடுத்த புகார்

பாலா, அப்பா எழுதுதேன். நல்லா இருக்கியான்னு கேக்கல, காலையிலதான் வீடியோவுல ஒன் மூஞ்சியப் பாத்தேன். குளுருல மூக்கு செவந்துபோயி, காது மூடுத தொப்பிய மாட்டிக்கிட்டு நின்ன. ஒங்கம்மா அதுலேர்ந்து பிள்ளைக்கு ரசம் வச்சுக் கொடுக்க ஆளில்லையேன்னு பொலம்பிக்கிட்டே கெடக்கா. தெனமும் போன்ல பேசுத ஆளு எதுக்குப் பேப்பரும் பேனாவுமா உக்காந்திருக்கான்னு நெனைப்ப. பேசித்தான் பாத்தேன். ஏர்போட்டுல வச்சு ஒரு தடவ, நீ போயிச் சேந்த பொறவு ரெண்டு தடவ. தொண்ட வரைக்கும் வருது, அதுக்கு மேல வர மாட்டேங்குது. நாப்பது வருசமா ரோட்டுல எத்தன பேரத் திட்டியிருப்பேன், வாய் ஒரு நாளும் மக்கர் பண்ணுனதில்ல. இதுக்கு மட்டும் பண்ணுது. எழுதி முடிச்சதும் ஒனக்கு அனுப்புதேன். நம்ம லாரி ஷெட்டு குரூப்புலயும் போடச் சொல்லி, ஆபீஸ் பாக்குத கணேசன்கிட்டச் சொல்லியிருக்கேன். ஷெட்டு ஆளுங்க எல்லாரும் படிக்கணும். அதுக்குக் காரணம் இருக்கு.

கேம் கம்பெனி வேலைக்கு நீ கெளம்புன அண்ணைக்கு, ஏர்போட்டு வாசல்ல பெட்டிய எறக்கி வச்சுட்டு நீ என்கிட்ட ஒண்ணு சொன்ன. ஒனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கல. "மொத நாளே ரோஸ்லின் அக்கா கேஸத்தான் எடுக்கப் போறேம்ப்பா. எந்தப் பய ரிப்போர்ட் பண்ணுனான்னு அங்க லிஸ்டே இருக்கும்"ன்னு சொன்ன. நான் சரிலேன்னு சொல்லி, ஒன் நெத்தியில துன்னூறு பூசி அனுப்பி வச்சேன். பாதித் துன்னூற ஒன் சட்டையில கொட்டுனத நீ பிரிவுன்னு நெனைச்சிருப்ப. பிரிவும்தான், இல்லேங்கல. ஆனா ஏலே, அந்த லிஸ்டுல மொதப் பேரு என் பேரு. அதுக்குக் கீழ இருக்குத இருபத்தாறு பேரும் நம்ம ஷெட்டு டிரைவருங்களும் கிளீனருங்களும். நான் சொல்லித்தான் செஞ்சாங்க. வார திங்கக்கிழம நீ அந்த நாற்காலியில உக்காந்து, வேத்து ஆளு பேரப் பாக்குத மாதிரி அப்பன் பேரப் பாக்கப்படாது. அதுக்கு முன்னால நானே சொல்லிட்டேன்.

ஷெட்டு ஆளுங்களுக்குப் புரியணும்னு கொஞ்சம் ஆரம்பத்துலேர்ந்து சொல்லுதேன், நீ பொறுத்துக்க. சுகர் வந்து எனக்கு எடது கால்ல உணர்ச்சி கொறஞ்சு போச்சு. இனி ஸ்டியரிங்கத் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொன்ன அண்ணைக்கு நான் மில்லர்புரம் வீட்டுல கதவச் சாத்திக்கிட்டவன், பத்து நாள் ஷெட்டுப் பக்கமே போகல. நீதான் லீவுல வந்து, டிவியில மாட்டுத அந்தக் கேம் பெட்டிய வாங்கிக் கொடுத்த. லாரி ஓட்டுத கேம். எவனோ ஊரு ரோடு, பனி பெய்யுது, ஆள் நடமாட்டமே கெடையாது. இது என்னல ரோடு, சவம், குறுக்க ஒரு ஆடு கூட வரமாட்டேங்குதேன்னு திட்டுனேன். நீ லீவு முடிஞ்சு போயிட்ட. ஏழு மாசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழம, அந்தப் பெட்டியில ஒரு பட்டன அமுக்கச் சொன்ன. பாத்தா நம்ம தூத்துக்குடி ஹார்பர் கேட்டு. ரெண்டு பக்கமும் உப்பளம். முக்காணி பாலம், ஆத்தூரு, ஆறுமுகநேரி, திருச்செந்தூர் தாண்டி உடன்குடி வரைக்கும் நம்ம ரோடு, தேரி மண்ணு செவப்பு முதக்கொண்டு. கம்பெனிக்காரன் கொடுத்த கேமுக்கு மேல நாம சொந்தமா செஞ்சு சேக்குததுக்குப் பேரு மோடுன்னு அண்ணைக்குத்தான் தெரியும். நான் அண்ணைக்கு உடன்குடிக்கு ரோடு பிரியுத அந்த விலக்கு வரைக்கும் ஓட்டுனேன். ஒனக்கு நான் அப்பச் சொல்லல, இப்பச் சொல்லுதேன், என் வாழ்க்கையில எனக்கு எவனும் அப்படி ஒண்ணு செஞ்சதில்ல.

இந்த மோடு போடுததுக்கு ரெண்டு வழி இருக்குன்னு நீ எனக்குச் சொல்லிக் கொடுத்த. கேமுக்கு வெளிய ஆளாளுக்கு வச்சிருக்குத இணையதளத்துலேர்ந்து எறக்குதது ஒண்ணு. கேமுக்குள்ளயே கம்பெனிக்காரன் வச்சிருக்குத கடையிலேர்ந்து ஒரே பட்டன்ல எடுக்குதது ஒண்ணு. எனக்கு வெளிக்கடைன்னாலே ஆகாது. நீ காலேஜு படிக்கையில அப்படி எங்கிருந்தோ எதையோ எறக்கப்போயி ஷெட்டுக் கம்ப்யூட்டருக்கு வைரஸ் வந்துச்சு. கேட் பாஸ் காப்பி, வண்டி எப்.சி. பேப்பர் எல்லாம் அதோட போச்சு. நான் கீபோர்ட எடுத்து ஓங்கித் தரையில அடிச்சேன். எழுத்தெல்லாம் தெறிச்சு ஓடுச்சு. நீ குனிஞ்சு ஒவ்வொண்ணாப் பொறுக்குன. நான் அடிச்சது கீபோர்டத்தான், ஆனா நீ அதுக்குப் பொறவு ஒரு வருசம் என்கிட்டக் கம்ப்யூட்டரப் பத்திப் பேசவே இல்ல. அது என் தப்பு. ஒனக்குச் சொல்லிக் கொடுக்க ஆளில்லாம தேடிப் போயிருக்க, நான் திருடனப் பிடிச்ச மாதிரி பிடிச்சேன்.

அதனாலதான் இந்த உள்கடை எனக்குப் பிடிச்சுப் போச்சு. வைரஸ் இருக்கான்னு அவனே பாத்துட்டுத்தான் உள்ள விடுதான். என்ன மாதிரி போல்டருன்னா என்ன, பைலுன்னா என்னன்னு தெரியாதவனும் அமுக்குனா வந்துருது. டிவியில மாட்டுத பெட்டிக்கு வெளிக்கடைச் சரக்கு ஏறவே ஏறாது, உள்கடை மட்டும்தான். உள்கடை இல்லன்னா நீ போட்ட ரோடு ஒன் கம்ப்யூட்டருலயே கெடந்திருக்கும், நான் பாத்திருக்கவே மாட்டேன். வெளிக்கடையில வச்சிருந்தப்ப ஒன் ரோட்ட ஓட்டுனது நாலஞ்சு கூட்டாளிங்க. உள்ள வச்ச பொறவு பிரேசில்ல ஒருத்தன் ஆறுமுகநேரி ரயில்வே கேட்டுல நின்னுக்கிட்டு, இந்தக் கேட்டு எப்பய்யா தெறக்கும்னு கேட்டு எழுதுதான். நெசக் கேட்டுல நிக்கவனுக்கே அது தெரியாதுன்னு பதில் போடுலேன்னு நான் சொன்னேன், நாம ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம். அதெல்லாம் அந்தக் கடையால வந்த நல்லது. மறைக்கப்படாது.

ஆனா கெடுதலும் எனக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்கணும். உடன்குடி விலக்குல நீ ஒரு பதனிக்காரன வச்சிருந்த. பானையும், பனையோலப் பட்டையில ஊத்திக் குடிக்க நாலு பேருமா. உள்கடைக்காரன் அத எடுக்கச் சொல்லிட்டான். வண்டி ஓட்டுத விளையாட்டுல ரோட்டோரம் சாராயம் விக்கப்படாதாம். கள்ளு வேற, பதனி வேற, இது சுண்ணாம்பு போட்டது, பச்சப்புள்ள குடிக்கும்னு நீ மூணு தடவ எழுதுன. மூணு தடவையும் ஒரே பதிலு வந்துச்சு. கடைசியில பானைய எடுத்துட்டு எளநிய வச்ச. எங்கய்யா கருப்பட்டி வித்த ஊருல, அந்த விலக்குல, எளநி. எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே. இன்னொண்ணும் உண்டு. பழையகாயல் பக்கம் ஒரு டீக்கடை வச்சிருந்த, ரோடு அகலப்படுத்தையில நெசக்கடைய இடிச்சுட்டாங்கன்னு நீயும் எடுத்துட்ட. மறுநாள் காலையில என் பெட்டியில தானாவே கடை இல்ல. எனக்கு வேணுமா வேண்டாமான்னு எவனும் கேக்கல. உள்கடையில வாங்குனது நம்ம வீட்டுல இருந்தாலும் நம்ம பொருள் கெடையாது. அவன் எடுத்தா நம்ம வீட்டுக்குள்ள வந்து எடுத்துருவான். ஹார்பருக்குள்ள போற லாரி மாதிரிதான் இது. உள்ள வெளிச்சம் உண்டு, காவல் உண்டு, எட போடுத மேடை உண்டு. கேட்டச் சாத்திட்டான்னா லோடோட வெளிய நிக்க வேண்டியதுதான்.

இதெல்லாம் தெரிஞ்சிருந்தும்தான் நான் அந்த வேலையப் பண்ணுனேன். எட்டு மாசத்துக்கு முன்னால ஒரு நாள் உள்கடையில தேடிக்கிட்டு இருக்கேன், நம்ம ஹார்பர் ரோட்டுப் படம் வருது. அதே உப்புக் குவியல், அதே கேட்டு. மேல பேரு மட்டும் ஒன் பேரு இல்ல, ரோஸ்லின்னு இருக்கு. கீழ இங்கிலீசுல பத்தி பத்தியா எழுதியிருக்கு, அத எவன் படிக்க. ஏழு மாசம் ஒறக்கம் முழிச்சு எம்பிள்ள எனக்குன்னு போட்ட ரோட்ட எவளோ தூக்கிட்டுப் போயிட்டாளேன்னு நெனைச்சேன். ஒன்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். கேட்டா நீ பெரிசு பண்ணாதீங்கம்பன்னு தெரியும், அதனாலயே கேக்கல. ஆதாரத்துக்கு டிவிய போன்ல ஒரு படம் எடுத்துக்கிட்டு நேரா ஷெட்டுக்குப் போனேன்.

நம்ம ஊருல திங்கக்கிழம கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொடுக்கப் போனா ஒத்த ஆளாப் போக மாட்டோம். ஒருத்தன் கொடுத்தா வாங்கி வச்சிருவாங்க, கூட்டமாப் போனாத்தான் என்னன்னு நிமுந்து பாப்பாங்க. அந்தப் புத்தி என்ன விடல. டீ நேரத்துல எல்லாரையும் உக்கார வச்சு, கணேசன விட்டு ஆளாளுக்குப் போன்ல ஒரு அக்கவுண்டு தொறக்க வச்சேன். மெயிலு இல்லாதவனுக்கு மவ மெயிலு, பொண்டாட்டி மெயிலு. இது எங்க ஊர்ப் பையன் ரோடு, திருடிட்டாங்க, உடனே எடுக்கணும்னு நான் சொல்லச் சொல்ல எல்லாரும் அதையே போட்டாங்க. மொத ஆளா நான் அமுக்குனேன். வடையும் டீயும் என் செலவு. மூத்த டிரைவரு சுடலை மட்டும் போனக் கையில வச்சுக்கிட்டு, "அண்ணாச்சி, நீங்க அத ஓட்டிப் பாத்தீங்களா?"ன்னு கேட்டான். நம்ம ரோடு நமக்குத் தெரியாதா, அதுக்கு ஓட்டி வேற பாக்கணுமான்னு அவன் மேல பாஞ்சேன். அவனும் அமுக்கிட்டான். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள இருபத்தேழு புகார் போயிருச்சு.

அங்க ஆளு உக்காந்து பாக்கல பாலா, மிசினு பாத்திருக்கு. ஒரே ஊருலேர்ந்து ஒரே நேரத்துல இத்தன பேரு சொன்னா நெசமாத்தான் இருக்கும்னு அது நெனைச்சுக்கிச்சு. மறுநாளு அந்த மோடு கடையிலயும் இல்ல, எறக்கி வச்சிருந்தவன் பெட்டியிலயும் இல்ல. அந்தப் பொண்ணு அக்கவுண்டையும் பூட்டிட்டான். மேல்முறையீடு பண்ணணும்னா அக்கவுண்டுக்குள்ள போயிப் பண்ணணுமாம். அக்கவுண்டுதான் பூட்டிக் கெடக்கே. அந்த வாரம் நீ போன் போட்டு, ரோஸ்லின் அக்கா புன்னக்காயல்காரங்க, என்கிட்டக் கேட்டுத்தான் செஞ்சாங்க, நான்தாம்ப்பா சரின்னு சொன்னேன்னு கொதிச்ச. எனக்கு உள்ளங்காலு சில்லுன்னு ஆயிருச்சு, உணர்ச்சி இல்லாத காலு கூட. அப்பவே சொல்லியிருக்கணும். அப்படியாலன்னு மட்டும் கேட்டுட்டு போன ஒங்கம்மாட்டக் கொடுத்தேன்.

அதுக்குப் பொறவு நடந்ததுக்குத்தான் என்னையே என்னால மன்னிக்க முடியல. இது கோயம்புத்தூர்க் கார்த்திக் வேலையாத்தான் இருக்கும்னு நீ முடிவு பண்ணுன. ஒங்க ரெண்டு பேருக்கும் முன்னாடி ஏதோ மோடு விசயத்துல சண்ட, அத வச்சு. அஞ்சு வருசக் கூட்டாளி. நம்ம வீட்டுல வந்து ஒங்கம்மா வச்ச மீன்கொழம்ப மூணு தடவ வாங்கிச் சாப்பிட்டவன். அவன எல்லாரும் பாக்குத எடத்துல வச்சுத் திட்டி எழுதுன. அவன் சத்தியமா நான் இல்லடான்னு எழுதுனத நீ எனக்கே வாசிச்சுக் காட்டுன, பாருங்கப்பா நடிக்கான்னு. நான் கேட்டுக்கிட்டு இருந்தேன். நீ அந்தக் கம்பெனிக்காரனுக்கு வாரா வாரம் எழுதுன. கடையில எங்கெங்க ஓட்ட இருக்கு, எப்படி நடத்துனா ஞாயமா இருக்கும்னு பக்கம் பக்கமா எழுதுன. கடைசியில அவங்களே ஒன்ன அந்தக் கடையப் பாக்குத வேலைக்குக் கூப்பிட்டுட்டாங்க. அப்ப நான் எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கிட்டேன், நாம பண்ணுனதுனாலதான பிள்ளைக்கு வேலையே கெடச்சுதுன்னு. எவ்வளவு பெரிய கோட்டிக்காரப் பேச்சு பாரு. அந்தப் பேச்ச வச்சுத்தான் எட்டு மாசம் ஒறங்குனேன்.

நீ போன மறுநாளு நான் புன்னக்காயல் போனேன். பெருமையாச் சொல்லல. மன்னிப்புக் கேக்கப் போகல, அந்தப் பொண்ணுக்கு எவ்வளவு தெரியும்னு நோட்டம் பாக்கத்தான் போனேன். ஆத்தூர் வரைக்கும் பஸ்ஸு, அங்கேர்ந்து ஆட்டோ. அந்தப் பொண்ணு கோயில் பக்கத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கு. ஒன்ன விட நாலஞ்சு வயசு மூத்திருக்கும். நான் பேரச் சொல்லுததுக்கு முன்னாலயே வாங்க அண்ணாச்சின்னு நாற்காலியப் போட்டு, குடிக்கக் கலர் வாங்கியாரச் சொன்னுச்சு. நான் சுத்தி வளச்சு, யாரும்மா அந்தப் புகாரக் கொடுத்த பாவின்னு ஆரம்பிச்சேன். அது கம்ப்யூட்டர என் பக்கம் திருப்புச்சு. அக்கவுண்ட பூட்டையில ஆதாரம்னு ஒரு படத்த அனுப்பியிருக்கான். புகார் கொடுத்தவங்க பேரெல்லாம் மறச்சுத்தான் அனுப்பியிருக்கான். படம் நான் டிவிய போன்ல எடுத்தது. டிவிக் கண்ணாடியில பனியனும் கட்டம் போட்ட சாரமுமா ஒரு ஆளு போனத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கான். தொந்தி வரைக்கும் தெளிவாத் தெரியுது. நீ எப்பவோ அனுப்புன நம்ம குடும்பப் போட்டோவுல அது என் மூஞ்சியப் பாத்திருக்கு.

எட்டு மாசமாத் தெரியும் பாலா, அந்தப் பொண்ணுக்கு. நீ கார்த்திக்கத் திட்டையில, அவன் இல்ல தம்பி, எனக்கு நிச்சயமாத் தெரியும்னு ஒன்கிட்டச் சொல்லியிருக்கு, நீதான் கேக்கல. யாருன்னு மட்டும் சொல்லல. ஏம்மா சொல்லலன்னு கேட்டேன். "அந்த ரோட்ட ஒங்களுக்காகத்தான் போட்டேன்னு என்கிட்டச் சொல்லியிருக்கான் அண்ணாச்சி. அவன்கிட்டப் போயி நான் எப்பிடிச் சொல்ல?" அப்படின்னு கேட்டுச்சு. நான் கலர் பாட்டிலக் கீழ வச்சுட்டேன். அந்தக் கடையில ஜெராக்ஸ் எடுக்க நாலு பேரு நிக்காங்க, அவங்க முன்னாலயே எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. எந்திரிச்சு நின்னு கையெடுத்துக் கும்பிட்டேன். உக்காருங்க அண்ணாச்சின்னு சொல்லி, இன்னொண்ணு கேட்டுச்சு, ஓட்டிப் பாக்கீங்களான்னு. அந்தப் பொண்ணோட கம்ப்யூட்டருல வெளிக்கடைக் காப்பி இன்னும் இருக்கு. அத எவனும் தொட முடியாதுல்லா.

ஓட்டுனேன். ஹார்பர் கேட்டு தாண்டி நூறு அடி போயிருக்க மாட்டேன், எடதுகைப் பக்கம் ஒரு போர்டு. ரோடு போட்டா காண்ட்ராக்டர் பேரு போட்டு நட்டு வைப்பாங்களே, அந்த மாதிரி மஞ்சப் போர்டு. தமிழ்ல, இம்புட்டுப் பெரிய எழுத்துல எழுதியிருக்கு. "இந்த ரோடு தூத்துக்குடி பாலனோடது. எங்க ஊர மட்டும் அவர்கிட்டக் கேட்டு நான் சேத்துக்கிட்டேன்." பிரேக்கப் போட்டு நிப்பாட்டிட்டேன். இங்கிலீசு தெரியாதுன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. ஒரே ஒரு தடவ, நூறு அடி, ஓட்டியிருந்தா போதும். சுடலை கேட்டான்ல, அவனுக்கு இருந்த புத்தி எனக்கு இல்ல. ஆத்தூர் வரைக்கும் ஒன் ரோடு, அதுக்கு மேல நீ போடாத ரோடு. ஆத்தூருல பிரிஞ்சு புன்னக்காயல் வரைக்கும் வருது. வலை காயுது, வள்ளம் நிக்கு, மாதா கோயில் நிக்கு. கோயில் தாண்டி ஊதா கேட்டு போட்ட வீடு ஒண்ணு, வாசல்ல லாரி நிக்க அளவா எடம் விட்டிருக்கு. யார் வீடும்மான்னு கேட்டேன். அந்தப் பொண்ணோட அண்ணன் கல்ஃபுல கப்பல இழுக்குத டக் போட்டுல வேல பாக்காராம், மூணு வருசமா ஊருக்கு வரல. ரூம்புல என்கிட்ட இருக்குத அதே பெட்டி. டூட்டி முடிஞ்சா லாரிய ஓட்டிட்டு வந்து அந்த வாசல்ல நிப்பாட்டி இஞ்சின அணச்சுட்டுச் சும்மா உக்காந்திருப்பாராம். அவருக்காகத்தான் அது இந்த ரோடு. பெட்டிக்கு வெளிக்கடைச் சரக்கு ஏறாதுல்லா. இப்ப எட்டு மாசமா அவரு எங்க போயி நிப்பாட்டுதாரோ.

பாலன் அங்க உக்காந்துட்டாம்மா, திங்கக்கிழமையே ஒரு நிமிசத்துல தெறந்து விட்டுருவான்னு நான் சொன்னேன். நல்லது சொல்லுததாத்தான் நெனைச்சுச் சொன்னேன். அந்தப் பொண்ணு மூஞ்சி மாறிருச்சு. "வேண்டியவன் உள்ள உக்காந்திருந்தா தெறக்கும், இல்லன்னா பூட்டுன்னா, அது என்ன கடை அண்ணாச்சி? அவன் கையால வேண்டாம். எல்லாருக்கும் எப்பிடியோ அப்பிடி வரட்டும்"ன்னு சொன்னுச்சு. பஸ்ஸுல வரையில பூரா அதத்தான் யோசிச்சேன். நான் கூட்டத்தக் காட்டிப் பூட்ட வச்சேன், இப்ப மவனக் காட்டித் தெறக்கப் பாக்கேன். ரெண்டும் ஒரே புத்திதான். அந்தக் கடை எவன் கையில இருந்தாலும் இந்த மாதிரி ஆளுங்கதான் வாசல்ல வந்து நிப்போம். பதனிக்கும் கள்ளுக்கும் வித்தியாசம் தெரிஞ்ச ஒருத்தன் அங்க இருக்கான்னு நான் பெருமப்பட்டேன். இப்பவும் பெருமதான். ஆனா தெரிஞ்சவன்னு ஒருத்தனுக்குத் தெறந்தா, தெரியாதவன் எவனோ பெலிவியாவோ பொலிவியாவோ, அங்க ஒரு பதனிக்காரன் இருப்பான்ல, அவன் என்ன செய்வான்.

நேத்து கணேசன உக்கார வச்சு என் புகார வாபஸ் வாங்கிட்டேன். நடந்தத என் பேரப் போட்டு, தமிழ்லயே, அப்படியே எழுதியிருக்கேன். பரிசீலனையில இருக்குன்னு பதில் வந்திருக்கு. மத்த இருபத்தாறு பேரும் இதப் படிச்சுட்டு ஆளாளுக்குப் போயி வாபஸ் வாங்கணும், இந்தத் தடவ அவனவன் வார்த்தையில எழுதணும், நான் சொல்லித் தர மாட்டேன். சுடலைகிட்ட நேருல போயிச் சொல்லிட்டேன், நீ கேட்டதுதான் சரிலே, நான் பாஞ்சது தப்புன்னு. அவன் சிரிச்சுட்டு டீ வாங்கிக் கொடுத்தான். நீ அந்தக் கேஸத் தொடாத. பக்கத்துல உக்காந்திருக்கவன்கிட்டக் கொடு, மொதப் புகார் எங்கப்பன் கொடுத்ததுன்னு சொல்லியே கொடு. என் அக்கவுண்ட பூட்டணும்னு அவன் சொன்னா பூட்டட்டும். எனக்கு அந்த ரோடு போயிரும்னு தெரியும். உடன்குடி விலக்கு வரைக்கும் போறது எனக்கு எப்படின்னு ஒனக்குத் தெரியும். பூட்டட்டும்.

கார்த்திக்கிட்ட நீ இண்ணைக்கே பேசு. எல்லாரும் பாக்குத எடத்துல வச்சுத்தான திட்டுன, அங்க வச்சே மன்னிப்புக் கேளு. எங்கப்பா பண்ணுனதுன்னு பேரச் சொல்லியே கேளு, என்னைய மறைக்காத. அவன் வந்தான்னா மீன்கொழம்பு வைக்கணும்னு ஒங்கம்மாகிட்டச் சொல்லியிருக்கேன். அவளுக்கும் நேத்துத்தான் எல்லாத்தையும் சொன்னேன். அவ ஒண்ணும் திட்டல, எந்திரிச்சு உள்ள போயிட்டா. ராத்திரிச் சோறு போட்டா, மூஞ்சியப் பாக்கல.

ஒனக்குக் கோவம் வரும். வரணும். ரெண்டு நாளு, மூணு நாளு, ஒரு மாசம் கூட நீ பேசாம இருந்தாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன். ஆனா பேசணும்னு தோணையில எனக்குப் போடு, ஒங்கம்மாவுக்குப் போடாத. என்ன கேக்கணுமோ கேளு, எப்படித் திட்டணுமோ திட்டு. எப்பவும் போல போன அவ கையில கொடுத்துட்டு நழுவ மாட்டேன். நானே எடுப்பேன்.

அப்பா